அறுபத்து நான்கு முடிச்சு

சேசு மரி சூசை துணை

கொடைக்கானல்
11-6-61

அன்புள்ள மதினிக்கு,

அமலராணி எழுதுவது. நான் சுகம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா, அண்ணனுக்கு இருமல் நின்றதா என்று எழுதுங்கள். அண்ணனிடம் கேட்டால், "எல்லாம் நல்லாத்தேன் இருக்கு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறார்.

நீங்கள் பின்னிக் கொடுத்த மப்ளரை அண்ணன் இங்கே பஸ் ஸ்டாண்டு முழுக்கக் காட்டியாகிவிட்டது. நாற்பது கண்ணி போட்டு, ஒன்றுகூட நழுவாமல் அவ்வளவு நீளம். முதல் தடவை ஊசி பிடித்த கை என்றால் யாரும் நம்புவதில்லை. ஆனால் மதினி, எத்தனை நாளைக்கு நேராகவே பின்னிக்கொண்டிருப்பீர்கள்? கண்ணியைக் கூட்டவும் குறைக்கவும் தெரிந்தால்தான் குல்லா, கோட்டு எல்லாம் வரும். பயப்பட ஒன்றுமில்லை. தப்பினால் உருவிவிட்டு மறுபடி பின்னலாம். உல்லன் நூல் கோபித்துக்கொள்ளாது.

சின்னதாக ஆரம்பியுங்கள். கைக்குழந்தைக் குல்லா ஒன்று. எழுபத்திரண்டு கண்ணி போட்டு நாலு அங்குலம் நேராகப் பின்னுங்கள். பிறகு ஏழு பின்னி, அடுத்த இரண்டையும் சேர்த்து ஒன்றாகப் பின்னுங்கள். வரிசை முழுக்க அப்படியே. அடுத்த வரிசை சும்மா. அதற்கடுத்ததில் ஆறு பின்னி, இரண்டைச் சேருங்கள். இப்படியே இறங்கினால் கடைசியில் எட்டு கண்ணி நிற்கும். அதில் நூலைக் கோத்து இறுக்கிக் கட்டிவிட்டு, பின்பக்கம் தைத்துவிடுங்கள். தலைச் சுற்றளவு பதினாலேகால் அங்குலம்.

ஆகஸ்டில் நான் வேலை பார்க்கும் ஸ்கூலில் கைவேலைக் கண்காட்சி. அதற்குத்தான். ஊசியும் நாலு அவுன்ஸ் நூலும் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன்.

ஹாஸ்டல் ஓடு ஒழுகுவதால் ஜெய்தூன் பீவி என்று தையல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள் வீட்டில் தங்கியிருக்கிறேன். இனி அந்த விலாசத்துக்கே எழுதுங்கள். இது அவசரத்தில் எழுதியது. படித்ததும் கிழித்துப் போடுங்கள்.

உங்கள் அன்பு
அமலராணி


திண்டுக்கல்
20-6-61

அன்புள்ள அமலராணிக்கு,

மதினி லூர்தம்மாள் எழுதிக்கொண்டது. கால் வடிந்துவிட்டது. உன் அண்ணனுக்கு இருமல் நிற்கவில்லை. ஆனால் கொல்லைப்பக்கம் போய் இருமிவிட்டு வருகிறார். இருமலை எதற்கு ஒளித்து இரும வேண்டும் என்றுதான் விளங்கவில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

நூல் வந்தது. மொக்கைச்சாமி கடைத் தராசில் போட்டுப் பார்த்தேன். நாலு அவுன்ஸ் இருக்கிறது. தராசு சரியா என்றும் பார்த்துக்கொண்டேன்.

நீ எழுதியபடி நாலு அங்குலம் ஏறினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக்கு என்கிறாய். ஒன்று ஊசியில் இருக்கிறது, சரி. மற்றது எங்கே போனது? கண்ணுக்கு முன்னால் ஒன்றைக் காணாமல் ஆக்கிவிட்டு, "பயப்பட ஒன்றுமில்லை" என்றால் நான் நம்ப வேண்டுமாக்கும். இன்றைக்கு ஒளிந்துகொண்டிருப்பது துவைத்ததும் அவிழ்ந்துகொண்டு வந்தால் என்ன செய்வாய்? அதனால் குறைக்கவே இல்லை. மேல்பக்கத்தைச் சுருக்கி, மிளகாய் மூட்டை மாதிரி கட்டிவிட்டேன். பார்க்கச் சகிக்கவில்லை. உருவிவிட்டேன்.

இன்னொன்று கேட்கிறேன். பின்னப் பழக உன் அண்ணன் தலை இல்லையா? அம்பாரம் மாதிரி அம்மாம் பெரிய தலை. அதை விட்டுவிட்டுக் கைக்குழந்தைத் தலை எதற்கு? நான் இரண்டு பெற்று, இரண்டையும் கல்லறையில் வைத்தவள். அது உனக்குத் தெரியாததல்ல.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. அவசரத்தில் எழுதிய எழுத்தாக அது இல்லை.

லூர்தம்மாள்


கொடைக்கானல்
26-6-61

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் சுகம்தான். இங்கே விடாத மழை.

உங்கள் மனசு நோகும்படி எழுதிவிட்டேன் என்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். அவை இரண்டையும் நான் மறக்கவில்லை. மறக்கிறவளாக இருந்தால் உங்களைக் கேட்டிருக்க மாட்டேன்.

காணாமல் போன கண்ணி எங்கும் போகவில்லை, மதினி. முன்னால் நிற்கும் கண்ணிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நிற்கிறது. முன்னால் இருப்பது அதைப் பிடித்திருக்கிறது. பின்னால் இருப்பது பாரத்தில் பாதியைச் சுமக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்றுதான் தெரியும். இழுத்துப் பாருங்கள், நூல் அறுந்தாலும் அறும், அது வெளியே வராது. நான் சொல்வதை நம்ப வேண்டாம். ஒரே ஒரு இடத்தில் குறைத்து, நீங்களே இழுத்துப் பாருங்கள்.

உங்களால் முடியும். எனக்குப் பதினாறு வயதில் நீங்கள் கல்யாணமாகி வந்தீர்கள். என் தலைமுடியில் சிக்கெடுக்க நம் வீட்டில் யாராலும் முடியாதபோது நீங்கள்தான் ஒரு முடி அறாமல் எடுத்தீர்கள். அந்தக் கைக்கு இது பெரிதில்லை.

அமலராணி


திண்டுக்கல்
14-7-61

அன்புள்ள அமலராணிக்கு,

இங்கே சுகம். அங்கே மழையில் நனைந்து காய்ச்சல் வாங்கிக்கொள்ளாதே.

குல்லா முடிந்தது. உன் அண்ணனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நீ சொன்னபடி இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. ஆனாலும் எனக்குச் சமாதானம் ஆகவில்லை. அதனால் குறைத்த இடத்தில் எல்லாம் உள்பக்கமாக வெள்ளைத் தையல் நூலால் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டேன். எழுபத்திரண்டில் எட்டு போக அறுபத்து நான்கு. அறுபத்து நான்கு முடிச்சும் எண்ணிப் போட்டது. இனி எந்தக் கண்ணி எங்கே ஓடுகிறது என்று பார்க்கிறேன்.

எதிர்வீட்டு ஜக்கம்மாள் வந்து பார்த்துவிட்டு, "ஏத்தா, வெயில் கொளுத்துற ஊர்ல உல்லன் குல்லா யாருக்கு? எதும் விசேசமா?" என்று கேட்டாள். "கண்காட்சிக்கு" என்றேன். அவள் போன பிறகு யோசித்தேன். கண்காட்சியில் வைக்கிற குல்லாவுக்குப் பதினாலேகால் என்று கால் அங்குலக் கணக்கு எதற்கு? பதினாலு என்றால் போதாதா?

யோசித்துப் பதில் எழுது.

லூர்தம்மாள்


கொடைக்கானல்
2-8-61

அன்புள்ள மதினிக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபிக்க வேண்டாம். உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் தினமும் ஜெபமாலை சொல்கிறேன்.

குல்லா எவ்வளவு அழகு! ஒரு சுருக்கம் இல்லை. உங்கள் முடிச்சுதான் கொஞ்சம் குத்துகிறது. அதனால் வெளிப்பக்கத்தை உள்ளே திருப்பிப் போட்டுவிட்டேன். இப்போது சரியாகிவிட்டது.

குறைக்கக் கற்றுவிட்டீர்கள். இனி கூட்டுவதும் பழகிவிடுங்கள். சின்னக் கோட்டு ஒன்று. கைக்கு, மணிக்கட்டில் முப்பத்திரண்டு கண்ணியில் ஆரம்பித்து, ஆறு வரிசைக்கு ஒரு தடவை இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று கூட்ட வேண்டும். ஒரே கண்ணியை முன்பக்கம் ஒரு தடவை பின்னி, ஊசியிலிருந்து இறக்காமல் பின்பக்கமும் ஒரு தடவை பின்னினால் ஒன்று இரண்டாகிவிடும். அவ்வளவுதான் வித்தை. கூடவே இன்னொரு குல்லாவும் முடிந்தால் நல்லது. தலை இப்போது பதினாறு அங்குலம்.

அமலராணி


திண்டுக்கல்
7-8-61

அமலராணிக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

முடிச்சு குத்துகிறது என்று யார் சொன்னது? கண்காட்சி சொன்னதா? மேஜைமேல் வைக்கிற குல்லாவுக்கு வலிக்குமா? அதோடு, ஜூனில் பதினாலேகாலாக இருந்த கண்காட்சி ஆகஸ்டில் பதினாறாக வளர்ந்திருக்கிறதே, என்ன தீனி போடுகிறாய் அதற்கு?

நான் இதுவரை எழுதாததையும் எழுதிவிடுகிறேன். போன மாதம் உன் அண்ணன் காக்கிச் சட்டையைத் துவைக்கப் போட்டார். இடது தோளில் வெள்ளையாக ஒரு கறை. மோந்து பார்த்தேன். பால் புளித்த வாடை. "என்ன இது?" என்றேன். "பஸ்ஸுல ஆயிரம் பேரு ஏறி இறங்குறாக. எவ பிள்ளையோ கக்கியிருக்கும்" என்றார். "டிரைவர் தோள் வரைக்கும் எந்தப் பிள்ளை ஏறி வந்துச்சு?" என்று கேட்டேன். வெஞ்சனத்தில் உப்பில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவருக்கு அங்கே இரவு ஹால்ட். பத்து வருஷமாக எனக்கு வயிறு திறக்கவில்லை. இதற்கு மேல் நான் எண்ணிப் பார்க்க என்ன இருக்கிறது? உன் அண்ணனுக்கு மலைமேல் ஒரு குடும்பம் இருக்கிறது. நீ அதற்குக் காவல் இருக்கிறாய். அந்தப் பிள்ளைக்கு என் கையாலேயே குல்லா பின்ன வைத்திருக்கிறாய். நான் சிக்கெடுத்த தலைக்கு இவ்வளவு புத்தியா?

அவள் பெயரையும் பிள்ளையின் பெயரையும் எழுது. எழுதும் வரை ஒரு கண்ணிகூடப் போட மாட்டேன்.

லூர்தம்மாள்


கொடைக்கானல்
19-9-61

அன்புள்ள மதினிக்கு,

ஆறு வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல்.

அண்ணன் உங்களுக்கு ஒரு துரோகமும் செய்யவில்லை. மாதா மேல் சத்தியம். இதற்கு மேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை. அண்ணனை ஒன்றும் கேட்காதீர்கள். அவரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

மனசு இருந்தால் கோட்டைப் பின்னி அனுப்புங்கள். இங்கே குளிர் இறங்கிவிட்டது.

அமலராணி


திண்டுக்கல்
27-9-61

அமலராணிக்கு,

கோட்டு முடிந்துவிட்டது. போட மாட்டேன் என்று எழுதிய மறுநாளே கண்ணி போட்டுவிட்டேன். ஏன் என்று என்னைக் கேட்காதே. கைக்குக் கூட்டும்போதெல்லாம் திட்டிக்கொண்டே கூட்டினேன். ஒன்றிலிருந்து இரண்டு வருவது எனக்கு இன்னும் திருட்டு வேலையாகத்தான் தெரிகிறது.

பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். சத்தியத்தைப் போர்த்தினால் குளிருமா குளிராதா என்று நீயே பார்த்துக்கொள்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுதவில்லையே. ஏன்?

லூர்தம்மாள்


திண்டுக்கல்
20-10-61

அன்புள்ள அமலராணிக்கு,

முந்தாநாள் கொடைக்கானல் வந்திருந்தேன். உன் அண்ணனுக்கு ஹால்ட் உள்ள நாளாகப் பார்த்து, அவர் வண்டி போன பிறகு வேறொரு பஸ்ஸில் ஏறினேன். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும் வரை, அவளைக் கண்டால் என்ன சொல்லித் திட்டுவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். கோட்டை எதற்குக் கையோடு எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேரிக்காய்க் கடைக்குப் பின்னால் நின்றேன். செத்த நேரத்தில் நீ வந்தாய். கையில் பிள்ளை. தலையில் என் குல்லா. திருப்பிப் போட்டிருந்ததால் அந்த வெள்ளை முடிச்செல்லாம் வெளியே தெரிந்தது. ஊரில் அப்படிப்பட்ட குல்லா வேறு எந்தக் கிறுக்கி பின்னியிருப்பாள்? உன் அண்ணன் டிப்போப் பக்கமிருந்து வந்து பிள்ளையை வாங்கி இடது தோளில் போட்டுக்கொண்டார். கழுத்திலிருந்த மப்ளரை எடுத்து அதற்குச் சுற்றினார். இருமிக்கொண்டிருக்கிற மனுஷன், நான் பின்னிய மப்ளரை. ஓடிவந்து இரண்டு பேரையும் நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டுவிடலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தேன்.

அப்போது பிள்ளை அழுதது. நீ வாங்கிக்கொண்டு சுவரைப் பார்க்கத் திரும்பினாய். உன் ரவிக்கை நனைந்திருந்தது.

அந்த ஈரம் எனக்குத் தெரியும். குடிக்கப் பிள்ளை இல்லாமல் இரண்டு முறை துணி வைத்துக் கட்டிக்கொண்டு படுத்திருந்தவள் நான். அந்தத் துணியை யாரும் பார்க்காமல் அலசிக் காயப்போட்டவள் நீ.

கோட்டைப் பேரிக்காய்க் கடைக்காரரிடம் கொடுத்து, "அந்தப் பிள்ளைக்காரிகிட்ட கொடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் மலை இறங்கிவிட்டேன். வத்தலக்குண்டு வரை அழுதேன். அதற்கப்புறம் கோபம் வந்தது.

என் புருஷன்மேல் இருந்த சந்தேகம் தீர்ந்தது. உன்மேல் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. நீ கண்ணை மூடிக்கொண்டு அரை நாளில் ஒரு குல்லா பின்னுகிறவள். தங்கியிருப்பது தையல் கடை வீட்டில். அப்படி இருக்க, இதையெல்லாம் என்னை ஏன் பின்ன வைத்தாய்? இதற்கு மட்டும் நேராகப் பதில் எழுது.

மதினி


கொடைக்கானல்
27-10-61

என் அன்பான மதினிக்கு,

கோட்டு சரியாக இருக்கிறது. கையில் ஒரு விரற்கடை நீளம் விட்டிருக்கிறீர்கள். வளருவான் என்று தெரிந்துதானே விட்டீர்கள்?

பெயர் கேட்டீர்கள். சவரிமுத்து. மே மாதம் இருபத்தெட்டாம் தேதி பிறந்தான். அண்ணன்தான் ஞானஸ்நானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றார். மாசம் தெரிவதற்கு முன்பே நானாகவே ஸ்கூல் வேலையை விட்டுவிட்டேன். ஹாஸ்டல் ஓடு ஒழுகவில்லை. கண்காட்சியும் இல்லை. என்னைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னவர் ஊரை விட்டுப் போய்விட்டார். அவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன். அவனை உங்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று அவன் பிறந்த அன்றே நினைத்தேன். ஆனால் சும்மா கொண்டுவந்து நீட்டினால் நீங்கள் வாங்க மாட்டீர்கள். கருவேப்பிலைக் கொத்தைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறவர் நீங்கள். எதுவும் உங்கள் கையால் எண்ணி, அளந்து, இழுத்துப் பார்த்ததாக இருக்க வேண்டும். அதனால் முதலில் அவன் தலையை உங்களுக்குப் பழக்கினேன். பிறகு கையை. தந்திரம்தான். ஆனால் கண்ணியைக் குறைப்பது பற்றி நான் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை.

இங்கே அநாதைப் பிள்ளைகள் மடத்தில் இடம் இருக்கிறது. நத்தார் பண்டிகைக்குள் முடிவு சொல்லச் சொல்கிறார்கள். அங்கே விட்டால் பிறகு நான் அவனைப் பார்க்க முடியாது. உங்களிடம் இருந்தால் வருஷத்துக்கு ஒரு தடவை அத்தை என்று வந்து பார்த்துவிட்டுப் போவேன். அதற்கு மேல் கேட்க மாட்டேன்.

உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

அமலராணி


சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
3-12-61

அன்புள்ள அமலராணிக்கு,

மதினி எழுதிக்கொண்டது. நான் சுகம், உன் அண்ணன் சுகம். இப்போது வீட்டுக்குள்ளேயே இருமுகிறார்.

ஒரு மாதமாகப் பதில் எழுதாமல் உன்னை வதைத்துவிட்டேன். கல்லறைத் திருநாளுக்கு வழக்கம்போல இரண்டு மெழுகுவர்த்தி கொண்டு போனேன். ஏற்றி வைத்துவிட்டு அந்த இரண்டிடமும் கேட்டேன். பதில் எங்கே வரப்போகிறது? ஆனால் வாயால் கேட்டதும் எனக்கே பதில் தெரிந்துவிட்டது. அதற்கப்புறமும் ஒரு மாதம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் குணம் உனக்குத் தெரியும்.

பிள்ளையைக் கொண்டு வா. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போகிற கதையெல்லாம் வேண்டாம். நீயும் வந்துவிடு. பால் குடிக்கிற பிள்ளையை மலைக்கும் திண்டுக்கல்லுக்குமாகப் பிய்க்க நான் என்ன கல்நெஞ்சுக்காரியா? மடத்திலிருந்து எடுத்து வளர்க்கிறோம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் வந்திருக்கிறாள் என்று தெருவில் சொல்லிவிட்டேன். ஜக்கம்மாள் பிள்ளையின் மூக்கைப் பார்த்து ஏதாவது கேட்பாள். கேட்கட்டும். ஒருவரைத் துருவிக் கேட்பது எப்படி என்று இந்தத் தெருவுக்கே சொல்லிக் கொடுத்தவள் நான். என்னிடமா? நான் முன்னால் நிற்கிறேன். நீ பின்னால் ஒண்டிக்கொள். இழுத்துப் பார்க்கிறவர்கள் இழுத்துப் பார்க்கட்டும்.

அவன் அப்பன் யார் என்று கேட்க மாட்டேன். கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பார்த்து, இந்த ஒன்றுக்காகவாவது நான் சொல்கிறபடி கேள்.

புதுக் குல்லா ஒன்று உன் அண்ணனிடம் வருகிறது. அவரை அளந்து வரச் சொன்னேன். பதினேழரை அங்குலம். தொண்ணூறு கண்ணி. உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார். ஒரு முடிச்சுகூடப் போடவில்லை. நேராகவே போட்டுவிடு, குத்தாது.

கடைசியாக ஒன்று. படித்ததும் கிழி என்று நீ எழுதியதை நான் கிழிக்கவில்லை. அதுபோல் இதையும் நீ கிழிக்காதே. உன் பெட்டிக்கு அடியில் வை. உன் அண்ணனிடம்கூடக் காட்டாதே. நான் யாரையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. என்னையும் நம்பவில்லை. அவன் என்னை அம்மா அம்மா என்று கூப்பிட்டுப் பழகிய பிறகு, என்றைக்காவது ஒரு நாள் அவனை உன் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு, "நீ யாருடி என் பிள்ளையைத் தொட?" என்று கேட்பேன். நான் கேட்கக்கூடியவள்தான். அன்றைக்கு ஒன்றும் பேசாமல் இதை எடுத்து என் கையில் கொடு.

சவரிமுத்து அமலராணி பெற்ற பிள்ளை. இது என் கையெழுத்து.

லூர்தம்மாள்